கஷாயம் தீர்ந்தபோது: ஆஸ்டெரிக்ஸ் சித்திரக்கதைகளில் அறிவும் முரட்டுப் பலமும்

ஆஸ்டெரிக்ஸ், பிரான்சில் 1959 அக்டோபர் 29 அன்று 'பிலோட்' என்ற இதழின் முதல் இதழிலேயே தொடங்கிய நகைச்சுவைச் சித்திரக்கதைத் தொடர். கதை எழுதியவர் ரெனே கோசினி (1926–1977). படம் வரைந்தவர் ஆல்பெர் உடெர்சோ (1927–2020). கோசினியின் கதைகளாக 24 நூல்கள் வெளிவந்தன. அவர் மறைவுக்குப் பிறகு உடெர்சோ தாமே எழுதி வரைந்தார். 2013 முதல் வேறு கலைஞர்கள் தொடர்கிறார்கள். 100க்கும் மேற்பட்ட மொழிகளிலும் வட்டார வழக்குகளிலும் வெளிவந்துள்ள இத்தொடரை நம் வாசகர்களில் பெரும்பாலோர் அந்தியா பெல், டெரெக் ஹாக்ரிட்ஜ் இருவரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாகவே அறிந்திருப்பார்கள். எனவே பாத்திரங்களின் பெயர்களை இக்கட்டுரையில் ஆங்கிலப் பதிப்பில் உள்ளபடியே தருகிறேன்.

கதை நடக்கும் காலம் கி.மு. 50. இன்றைய பிரான்சான கால் நாடு முழுவதும் ஜூலியஸ் சீசரிடம் அடிபணிந்துவிட்டது. வடமேற்குக் கடற்கரையில் ஒரே ஒரு சிற்றூர் மட்டும் பணியவில்லை. ஊரைச் சுற்றி நான்கு ரோமானியப் படைமுகாம்கள். ஊரின் பாதுகாப்பு ஒரு கஷாயத்தில் இருக்கிறது. அதைக் குடித்தவருக்குச் சிறிது நேரம் எவராலும் வெல்ல முடியாத பலம் வரும். காய்ச்சத் தெரிந்தவர் கெட்டாஃபிக்ஸ் என்ற ட்ரூயிட் ஒருவர்தான். ட்ரூயிட் என்றால் அந்தக் கால் மக்களின் பூசாரி, வைத்தியர், ஆசான் எல்லாம் சேர்ந்தவர். சிறுவயதில் அந்த அண்டாவுக்குள் விழுந்ததால் ஓபிலிக்ஸுக்கு மட்டும் பலம் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது.

இத்தொடரைப் பற்றி வெகுநாளாகச் சொல்லப்படும் குறை ஒன்று உண்டு. எல்லாக் கதையும் கடைசியில் கைகலப்பில் முடிகிறது. ரோமானிய வீரன் செருப்பையும் தலைக்கவசத்தையும் விட்டுவிட்டு ஆகாயத்தில் பறக்கிறான். பிள்ளைகள் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஆக இது முட்டியை மெச்சும் கதை, மூளையை மெச்சும் கதை அல்ல என்பது அந்தக் குறை. இரண்டு மூன்று நூல்களைப் புரட்டியவருக்கு அப்படித்தான் தோன்றும். கடைசிப் பக்கத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதில் உள்ள பிழையை இக்கட்டுரை எடுத்துக்காட்ட முயல்கிறது. இத்தொடரின் நல்ல கதைகள் எல்லாம் கஷாயம் இல்லாத இடத்தில்தான் தொடங்குகின்றன.

மல்லனும் குள்ளனும்

கதாநாயகனை உருவாக்கும்போதே ஆசிரியர்கள் இருவருக்கும் இதில் கருத்து வேறுபாடு இருந்தது. உடெர்சோ முதலில் வரைந்து காட்டியது அகன்ற தோளும் உயர்ந்த உடலும் கொண்ட ஒரு கால் வீரனை. அக்கால வீரசாகசக் கதைகளின் நாயகர்கள் அப்படித்தான் இருந்தார்கள். கோசினி கேட்டது அதற்கு நேர்மாறான ஒருவனை: குள்ளன், அழகன் அல்லன், ஆனால் சூட்டிகையானவன். கோசினியின் எண்ணமே நின்றது. ஆனால் பெரிய உடம்பு வரைய உடெர்சோவுக்கு இருந்த ஆசையும் வீணாகவில்லை. அது ஓபிலிக்ஸாக வந்து சேர்ந்தது. முதல் நூலில் ஓபிலிக்ஸுக்குப் பெரிய வேலை இல்லை. அடுத்தடுத்த கதைகளில்தான் அவன் இணை நாயகன் ஆகிறான்.

அறிவு, பலம் என்ற இரண்டையும் தனித்தனி உடம்பாக்கி நண்பர்களாக நடமாட விட்டது இந்தத் தொடரின் அடிப்படைக் கற்பனை. ஒருவன் வில்லன், ஒருவன் நல்லவன் என்று பிரித்திருந்தால் இது சாதாரண நீதிக்கதையாகப் போயிருக்கும். ஓபிலிக்ஸ் கெட்டவன் அல்லன். மரம் விழுந்தால் அழும் நாய்க்குட்டியை வளர்ப்பவன், பன்றி இறைச்சிக்கு ஏங்குபவன், 'குண்டன்' என்ற சொல்லைக் கேட்டால் முகம் சுண்டிப்போகிறவன். மொத்தத்தில் அவன் ஒரு குழந்தை. தன் பலம் எவ்வளவு என்று அவனுக்கு ஒருபோதும் தெரிந்ததில்லை; ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால்கூடக் கதவு உள்ளே போய் விழுகிறது. உழைத்துப் பெறாத பலம், கட்டுப்படுத்தக் கற்காத பலம் எப்படி இருக்கும் என்பதைப் பகைவன் வடிவில் காட்டாமல் நாம் நேசிக்கும் ஒருவன் வடிவில் காட்டியிருப்பது கோசினியின் நுட்பம்.

முதல் நூலான 'ஆஸ்டெரிக்ஸ் தி கால்' (1961) கதையையே பாருங்கள். ரோமானியர் ட்ரூயிடைக் கடத்திக்கொண்டு போய்க் கஷாயத்தின் செய்முறையைக் கேட்கிறார்கள். அவரைத் தேடி வைக்கோல் வண்டியில் ஒளிந்து முகாமுக்குள் போன ஆஸ்டெரிக்ஸ், தானாகவே பிடிபடுகிறான். பிறகு நடப்பது முழுக்க மூளை விளையாட்டு. கஷாயத்துக்கு ஸ்ட்ராபெரி வேண்டும் என்று, அது காய்க்காத பருவத்தில் கேட்டு அலைய விடுகிறார்கள். கடைசியில் காய்ச்சிக் கொடுப்பது பலம் தரும் மருந்தே அல்ல. தலைமயிரும் தாடியும் நிற்காமல் வளரச் செய்யும் மருந்து. பலத்தைத் திருடப் பார்த்த முகாம் முழுவதும் மயிரில் தடுக்கி விழுகிறது. அந்தப் பலத்தை வைத்துத் தானே சீசராகிவிடலாம் என்று கனவு கண்ட படைத்தலைவனைச் சீசரிடமே காட்டிக்கொடுத்து, இருவரும் விடுதலை பெற்று ஊர் திரும்புகிறார்கள். தொடரின் முதல் வெற்றி முட்டியால் கிடைத்த வெற்றி அல்ல.

ஒரு கல் விழுந்த கதை

அறிவுக்கும் முரட்டுப் பலத்துக்கும் உள்ள உறவை முழுமையாக எடுத்துக்கொண்ட கதை 'ஆஸ்டெரிக்ஸ் அண்ட் தி பிக் ஃபைட்'. பிரெஞ்சில் இதன் பெயர் 'தலைவர்களின் சண்டை' என்று பொருள்படும். 'பிலோட்' இதழில் 1964இல் தொடராக வந்து, 1966இல் நூலாயிற்று. இத்தொடரைப் படிக்க விரும்பும் மாணவர்கள் ஒரே ஒரு நூலைத்தான் படிக்க முடியும் என்றால் இதையே படிக்கச் சொல்வேன்.

ரோமானியர் பல முறை அடிபட்ட பிறகு யோசிக்கத் தொடங்குகிறார்கள். கால் மக்களிடம் ஒரு பழைய வழக்கம் இருப்பதாகக் கதை சொல்கிறது: ஓர் ஊர்த் தலைவன் இன்னோர் ஊர்த் தலைவனைத் தனிச் சண்டைக்கு அழைக்கலாம், தோற்றவனின் ஊர் வென்றவனுக்குச் சொந்தம். ரோமை வழிபடும் பக்கத்து ஊர்த் தலைவன் காஸியஸ் செராமிக்ஸ் மலைபோன்ற உடம்பு படைத்தவன். அவனைக் கொண்டு நம் ஊர்த் தலைவர் வைட்டல்ஸ்டாட்டிஸ்டிக்ஸைச் சண்டைக்கு அழைக்க வைத்தால் வேலை முடிந்தது. ஒரே இடைஞ்சல் கஷாயம். எனவே முதலில் ட்ரூயிடை அகற்ற வேண்டும். அவரைப் பிடிக்க ஒரு படைப்பிரிவு காட்டுக்குள் போகிறது.

இங்கேதான் கதை தன் கூர்மையைக் காட்டுகிறது. ரோமானியரால் ட்ரூயிடுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. அவரைக் காப்பாற்ற ஓடிவரும் ஓபிலிக்ஸ், தான் சுமந்து திரியும் நெடுங்கல்லைத் தூக்கிப் பகைவர் மீது எறிகிறான். நம் தொல்லியலாளர்கள் நெடுங்கல் என்று சொல்லும் அதே வகை ஒற்றைக் கல்தான். பிரான்சின் அந்தப் பகுதியில் அவை மிகுதி. கல் போய் விழுந்த இடம் ட்ரூயிடின் தலை. அவர் சாகவில்லை. ஆனால் நினைவும் புத்தியும் போய்விட்டன. எதிரே நிற்பவர் யார் என்று தெரியாமல் சிரிக்கிறார். கஷாயம் என்றால் என்னவென்று அவருக்கே தெரியாது.

பகைவனின் முரட்டுப் பலத்தால் முடியாததை ஊரின் சொந்த முரட்டுப் பலம் ஒரு நொடியில் செய்து முடித்தது. அதுவும் அன்பினால். இப்படி ஒரு முடிச்சைப் போடுவதற்கு வெறும் சிரிப்பு மூட்டும் எழுத்தாளரால் முடியாது.

வைத்தியம் தேடி இன்னொரு ட்ரூயிடை அழைத்து வருகிறார்கள். மனநோய்க்கு மருந்து தருவதில் பெயர் பெற்றவர். ஆங்கிலத்தில் சைக்கோஅனலிட்டிக்ஸ் என்று பெயர். விபத்து எப்படி நடந்தது என்று அவர் விசாரிக்கிறார். நோயாளியின் வரலாறு கேட்பது நல்ல வைத்தியர் செய்ய வேண்டிய வேலைதானே. ஓபிலிக்ஸ் வாயால் சொல்லவில்லை. ஒரு நெடுங்கல்லை எடுத்துச் செய்தே காட்டிவிடுகிறான். இப்போது புத்தி கலங்கிய ட்ரூயிடுகள் இரண்டு பேர். வகுப்பறையில் செய்முறை விளக்கத்தின் பெருமையைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறோம். அதன் எல்லையை இதைவிடத் தெளிவாகக் காட்டிய பாடம் நான் பார்த்ததில்லை. அறிவு கேள்வி கேட்கிறது, பலம் தனக்குத் தெரிந்த ஒரே மொழியில் பதில் சொல்கிறது. இந்த ஒரு காட்சியில் மோதல் முழுவதும் அடங்கிவிட்டது.

பிறகு இரண்டு ட்ரூயிடுகளும் உற்சாகமாக எதை எதையோ அண்டாவில் போட்டுக் காய்ச்சுகிறார்கள். எங்கேயாவது தற்செயலாகச் சரியான மருந்து வந்துவிடாதா என்று ஊர் காத்திருக்கிறது. சோதித்துப் பார்க்கக் கிடைத்தவன் வேவு பார்க்க வந்து பிடிபட்ட ஒரு ரோமானிய வீரன். ஒவ்வொரு மருந்துக்கும் அவன் நிறம் மாறுகிறது. கடைசியில் எடை இழந்து பலூனைப் போல மேலே மிதக்கிறான். உடெர்சோவின் வண்ணங்கள் இந்தப் பக்கங்களில் கொண்டாட்டமாக இருக்கின்றன. சிரித்து முடித்த பிறகு, அகப்பட்ட கைதியின் உடம்பில் மருந்து சோதிப்பவர்கள் நம் பக்கத்து நல்லவர்கள்தாம் என்பதையும் கவனிக்க வேண்டும். புத்தி போன ஊரில் முதலில் போவது இரக்கம். கோசினி இதை எங்கும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கெட்டிருக்கும்.

இதற்கிடையே ஆஸ்டெரிக்ஸ் ஒருவன்தான் நடக்க வேண்டியதை நடத்துகிறான். தலைவருக்குத் தொந்தி. அவரைத் தினமும் காட்டில் ஓட வைக்கிறான். அந்த ஓட்டம் சண்டையில் பயன்படுகிறது. செராமிக்ஸ் அடிக்க வரும்போதெல்லாம் தலைவர் ஓடுகிறார். சுற்றிச் சுற்றி ஓடுகிறார். திருவிழாக் கடைகளும் ராட்டினங்களுமாகக் கூடியிருக்கும் கூட்டத்துக்கு முன்னால் ஓர் ஊர்த் தலைவன் இப்படி ஓடுவது மானக்கேடு என்று நினைக்கலாம். ஆனால் பலசாலியை வெல்வதற்குப் பலமில்லாதவன் செய்யக்கூடிய அறிவுள்ள காரியம் அதுதான்: அவன் பலத்தை அவனே செலவழிக்கும்படி விட்டுவிடுவது.

அந்த நேரத்தில் கெட்டாஃபிக்ஸ் தாம் காய்ச்சியதையே குடித்துப் புத்தி தெளிகிறார். செய்தி சண்டைக்களத்துக்கு வருகிறது. அதைக் கேட்டதும் தலைவர் ஓட்டத்தை நிறுத்துகிறார். களைத்துப்போன செராமிக்ஸை ஒரே அடியில் சாய்க்கிறார். இதைப் பல வாசகர்கள் விரைந்து தாண்டிவிடுகிறார்கள். அவர் கஷாயம் குடிக்கவில்லை. ஒரு சொட்டும் இல்லை. அவருக்குக் கிடைத்தது ட்ரூயிட் குணமாகிவிட்டார் என்ற செய்தி மட்டுமே. அறிவு திரும்பி வந்துவிட்டது என்று தெரிந்ததே கைக்குப் பலமாயிற்று. அதன் பின் ரோமானியர் வாக்குத் தவறித் தாக்க, வழக்கமான அடிதடி நடக்கிறது. அது எல்லா நூலிலும் உள்ளதுதான்.

செராமிக்ஸின் தலையிலும் ஒரு கல் விழுகிறது. அவனுக்கும் நினைவு தப்புகிறது. ஆனால் அவன் விஷயத்தில் விளைவு வேறு: மிக மரியாதையான மனிதனாகிவிடுகிறான். அறிவுள்ளவன் தலையில் விழுந்தால் பேரழிவு, முரடன் தலையில் விழுந்தால் நாகரிகம் என்று குறும்பாக ஒரு கணக்கு.

ஒரே தலையில் இருந்த அறிவு

இவ்வளவையும் பாராட்டிவிட்டு ஒரு கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு கல் விழுந்ததால் ஓர் ஊரே கையற்றுப்போனது ஏன்?

கஷாயத்தின் செய்முறை ட்ரூயிடின் வாயிலிருந்து இன்னொரு ட்ரூயிடின் காதுக்கு மட்டுமே போகலாம் என்பது தொடர் முழுவதும் சொல்லப்படும் விதி. எழுதி வைக்கக் கூடாது. ஊரில் வேறு எவருக்கும் தெரியாது. கொல்லன், மீன்காரன், பாணன் எல்லாரும் குடிக்கத் தெரிந்தவர்கள். காய்ச்சத் தெரிந்தவர் ஒருவர். நம் நாட்டிலும் மருந்துச் சுவடியை மகனுக்குக்கூடக் கடைசி நாளில்தான் காட்டுவேன் என்று வைத்திருந்து, அந்தக் கடைசி நாள் முன்னறிவிப்பின்றி வந்துவிட, சுவடி கறையானுக்குப் போன குடும்பங்கள் எத்தனையோ. ஆகவே இது நமக்குப் புரியாத விஷயம் அல்ல.

மறைத்து வைப்பதற்கு நியாயமும் உண்டு. முதல் நூலில் படைத்தலைவன் எதற்காக அதைத் தேடினான் என்று பார்த்தோம். கெட்டாஃபிக்ஸ் ஊராருக்கே கஷாயத்தை அளந்துதான் கொடுக்கிறார். ஓபிலிக்ஸ் எவ்வளவு கெஞ்சினாலும் கொடுப்பதில்லை. பலத்தை யாருக்கு, எப்போது, எவ்வளவு தருவது என்ற முடிவு அறிவின் கையில் இருக்க வேண்டும் என்பது இத்தொடரின் நிலைப்பாடு. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த அறிவு ஒரே மனிதரின் சொத்தாக இருக்கும்வரை அது ஊரின் அறிவு ஆகாது. அந்த ஊர் வீரமுள்ள ஊர். கற்ற ஊர் அல்ல. இத்தனை கதைகளில் எவரும் ட்ரூயிடிடம் போய் எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்று கேட்பதில்லை. பல்லாண்டு பாடம் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் இந்தக் குறை என் கண்ணில் முதலில் படுகிறது. கோசினிக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. 'பிக் ஃபைட்' கதையின் திகில் முழுவதும் இந்தப் பலவீனத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

ரோம் யோசிக்கத் தொடங்குகிறது

1960களின் தொடக்கக் கதைகளில் ரோம் என்றால் படை. 1970களில் அது மாறுகிறது. முட்டியால் முடியாது என்று கண்ட சீசர் மூளையுள்ளவர்களை அனுப்பத் தொடங்குகிறார். அறிவு நல்லது, பலம் கெட்டது என்று எளிதாகப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதைகள் சங்கடம் தரும்.

இவற்றுள் தலைசிறந்தது 'ஆஸ்டெரிக்ஸ் அண்ட் தி ரோமன் ஏஜென்ட்' (1970). டார்ச்சுவஸ் கன்வால்வுலஸ் என்ற குள்ளமான மனிதன் எங்கே போனாலும் அங்கே சண்டை மூளும். அவனைச் சிங்கங்களுக்கு இரையாகப் போட்டபோது சிங்கங்கள் ஒன்றையொன்று தின்றனவாம். அவன் ஊருக்குள் வருகிறான், தலைவரின் பிறந்தநாள். இந்த ஊரின் மிக முக்கியமான மனிதருக்கு என்று சொல்லி விலையுயர்ந்த பூச்சாடி ஒன்றை ஆஸ்டெரிக்ஸிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான். அவ்வளவுதான். கத்தி இல்லை, கல் இல்லை. அடுத்த பக்கத்திலிருந்து ஊர் உடையத் தொடங்குகிறது. கோபம் ஏறியவர்களின் பேச்சுக் குமிழ்கள் பச்சை நிறமாக மாறுகின்றன. பொறாமையை ஒரு நிறத்தால் பக்கம் முழுவதும் பரவவிட்ட இந்த உத்தி, சித்திரக்கதை என்ற வடிவத்தால் மட்டுமே செய்யக்கூடியது; எழுத்திலோ நாடகத்திலோ இதற்கு இணை கிடையாது. ஆஸ்டெரிக்ஸ் ரகசியத்தை ரோமானியருக்கு விற்றுவிட்டான் என்ற வதந்தியை ஊரார் நம்புகிறார்கள். எத்தனையோ முறை தங்களைக் காத்தவனை ஒரு பூச்சாடிக்காகச் சந்தேகிக்கிறார்கள்.

கன்வால்வுலஸிடம் உடல் பலம் சிறிதும் இல்லை. ஆனால் இத்தொடரிலேயே ஊருக்கு மிகப் பெரிய சேதம் செய்தவன் அவன்தான். அவன் அறிவாளி, சந்தேகமே இல்லை. அறிவுக்கு எதிரி முரட்டுப் பலம் மட்டும் என்று எண்ணியிருந்த வாசகனுக்கு இங்கே வேறொரு எதிரி தெரிகிறது: நெஞ்சில் ஈரமில்லாத அறிவு. அதை வெல்ல ஆஸ்டெரிக்ஸ் கையாளும் வழியும் அதே வழிதான். ரோமானியர் பார்க்கும்படி கன்வால்வுலஸிடம் நண்பனைப் போல நடந்து நன்றி சொல்கிறான். ரோமானியர் தங்கள் ஆளையே துரோகி என்று பிடித்துக்கொள்கிறார்கள். நாயகன் பகைவனின் ஆயுதத்தையே எடுத்துவிட்டானே என்று மாணவர்கள் கேட்டால், அது நியாயமான கேள்வி. இந்த நூலில் அதற்குப் பதில் இல்லை.

'தி மேன்ஷன்ஸ் ஆஃப் தி காட்ஸ்' (1971) கதையில் சீசர் கட்டடக் கலைஞன் ஒருவனை அனுப்புகிறார். காட்டை அழித்து ஊரைச் சுற்றி ரோமானியக் குடியிருப்புகள் கட்டிவிட்டால் ஊர் தானாக மறைந்துவிடும் என்பது திட்டம். ஒரு நுட்பமான திருப்பம் இதில் உண்டு. மரம் வெட்டும் அடிமைகளுக்கு ஆஸ்டெரிக்ஸ் கஷாயம் கொடுக்கிறான். அவர்கள் காவலர்களை அடித்துவிட்டு ஓடிப்போவார்கள் என்று எதிர்பார்க்கிறான். அவர்கள் ஓடவில்லை. பலம் வந்ததும் உட்கார்ந்து கூலி பேசுகிறார்கள். அடிமைகளுக்குக் கிடைத்த கூலியைக் கேள்விப்பட்டு ரோமானிய வீரர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள். பலத்தை அடிப்பதற்குப் பயன்படுத்தாமல் பேரம் பேசப் பயன்படுத்தலாம் என்ற யோசனை, அறிவாளியான ஆஸ்டெரிக்ஸுக்குத் தோன்றாமல் அடிமைகளுக்குத் தோன்றியது என்பதைக் கவனியுங்கள்.

'ஓபிலிக்ஸ் அண்ட் கோ' (1976) நெடுங்கல்லை விலைக்கு வாங்கி ஊரைக் கெடுக்க வரும் பொருளாதாரம் படித்த ஓர் இளைஞனைப் பற்றியது. சந்தைப் பொருளாதாரத்தைப் பள்ளி மாணவர்களுக்கு விளக்க நல்ல நூல். ஆனால் நம் பொருளுக்கு அது சற்று விலகியது, இத்துடன் விடுகிறேன்.

குறி சொல்பவன் வந்த நாட்கள்

'ஆஸ்டெரிக்ஸ் அண்ட் தி சூத்சேயர்' (1972) கதையில் ட்ரூயிடின் தலையில் கல் விழவில்லை. ஆண்டுதோறும் நடக்கும் ட்ரூயிடுகள் கூட்டத்துக்குப் போயிருக்கிறார். இடியும் மழையுமான ஓர் இரவில் ப்ரோலிக்ஸ் என்ற குறிசொல்லி ஊருக்குள் நுழைகிறான். புயலுக்குப் பின் வெயில் வரும் என்று குறி சொல்கிறான், வெயில் வருகிறது, ஊர் வியக்கிறது. இங்கே சண்டை வரும் என்கிறான். அந்த ஊரில் எப்போதுதான் சண்டை வரவில்லை? ஆனாலும் வியக்கிறார்கள்.

நம்பாதவன் ஆஸ்டெரிக்ஸ் ஒருவன்தான். அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பகைவனோடு மோதும்போது அறிவுக்குத் தந்திரம் உண்டு. தன் ஆட்களின் ஆசையோடு மோதும்போது அதற்கு ஆயுதமே இல்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் கேட்க விரும்பியதை ப்ரோலிக்ஸ் சொல்கிறான். அதனால் அவனை நம்புகிறார்கள். மூடநம்பிக்கையைப் பற்றிப் பள்ளிகளில் நாம் நடத்தும் பாடங்களில் பெரும்பாலானவை இந்த இடத்தைத் தொடுவதில்லை. நம்புகிறவன் அறிவில்லாதவன் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். கோசினி அப்படிச் சொல்லவில்லை. குறிசொல்லி எதை விற்கிறான், ஊரார் ஏன் வாங்குகிறார்கள் என்று காட்டுகிறார்.

ரோமானியரிடம் ப்ரோலிக்ஸ் படும் பாடு தனி நகைச்சுவை. குறிசொல்பவர்களைக் கைது செய்யச் சட்டம் இருக்கிறது. தான் குறிசொல்லி அல்லன் என்று மெய்ப்பிக்க வேண்டிய நிலை அவனுக்கு. பகடையில் விழப்போகும் எண்ணைத் தவறாகச் சொன்னால் தப்பிக்கலாம். ஏழு என்கிறான். ஏழு விழுகிறது.

ட்ரூயிட் திரும்பி வந்ததும் எளிய சோதனை ஒன்று நடத்தப்படுகிறது. வரப்போவதை முன்கூட்டியே அறிபவன் என்றால், நாம் எல்லாரும் இப்போது அடிக்கப் போகிறோம் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே? ஊரின் பெண்களும் கஷாயம் குடித்துக் கிளம்புகிறார்கள். அவனுக்குத் தெரியவில்லை. அடி விழுகிறது. இத்தொடரில் அடிதடி ஒரு வாதத்துக்கு நிரூபணமாக வருவது இங்கேதான். அதிகம் நம்பிய தலைவரின் மனைவியே முன்னால் நின்று அடிக்கிறார்.

குறைகளும் பிற்காலமும்

அடிதடியில் எவரும் சாவதில்லை, இரத்தம் சிந்துவதில்லை என்பது உடெர்சோவின் சித்திர நயம். ஆனால் அதுவே ஒரு மறைப்பும் ஆகும். உண்மை வரலாற்றில் கால் நாடு தோற்றது. கி.மு. 52இல் அலேசியாவில் வெர்சிங்கெடோரிக்ஸ் சரணடைந்தான். முரட்டுப் பலம் அங்கே முழு வெற்றி பெற்றது. ஆசிரியர்கள் இதை மறைக்கவில்லை. 'சீஃப்டன்ஸ் ஷீல்ட்' (1968) கதையில் அலேசியா எங்கே இருக்கிறது என்று கேட்டாலே கால் மக்கள் எரிந்து விழுவதை வேடிக்கையாக்கியிருக்கிறார்கள். கோசினியின் யூதக் குடும்பத்தில் உறவினர் சிலர் நாஜிகளால் கொல்லப்பட்டவர்கள். ஆக்கிரமிப்பு என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ரோமை அண்டிப் பிழைக்கும் செராமிக்ஸைப் பார்த்த பிரெஞ்சு வாசகர்களுக்கு 1940களின் நினைவு வந்திருக்கும். ஆயினும் தம் நோக்கம் சிரிக்க வைப்பதுதான் என்ற நிலையிலேயே கோசினி இருந்தார்.

மன்னிக்கக் கடினமான குறைகளும் உண்டு. கடற்கொள்ளையர் கப்பலின் கறுப்பின ஆளைத் தடித்த உதட்டோடு வரைந்து, பிரெஞ்சு மூலத்தில் உச்சரிப்பையும் கேலி செய்திருப்பது அக்காலப் பழக்கம் என்பதற்காகச் சரியாகிவிடாது. பெண்கள் பெரும்பாலும் மீனுக்கும் வரிசைக்கும் சண்டை போடுகிறவர்களாகவே வருகிறார்கள். 1991இல் உடெர்சோ தனியாக எழுதிய 'சீக்ரெட் வெப்பன்' பெண்ணுரிமையை எடுத்துக்கொண்டு அதையே கேலியாக்கியது. தொடரின் பலவீனமான நூல்களில் அது ஒன்று.

கோசினிக்குப் பின் வந்த நூல்களில் பொதுவான ஒரு தளர்ச்சி தெரிகிறது. கஷாயம் கதையின் சிக்கலாக இருந்தது போய், கதையின் தீர்வாக மாறிவிட்டது. ஆனால் ஒரு நூலை மட்டும் விதிவிலக்காகச் சொல்ல வேண்டும், பாதியளவுக்காவது. 'ஓபிலிக்ஸ் ஆல் அட் சீ' (1996) கதையில் ஓபிலிக்ஸ் யாரும் பார்க்காதபோது ஓர் அண்டாக் கஷாயத்தையும் குடித்துவிட்டுக் கல்லாகச் சமைகிறான். பிறகு உயிர் வரும்போது சிறு பையனாக இருக்கிறான், பலம் போய்விட்டது. இத்தனை ஆண்டுகளாக உலகத்தையே தூக்கி எறிந்த கை இப்போது ஒரு கல்லை அசைக்க முடியாமல் நிற்கிறது. ரோமானியர் அவனை எளிதாகத் தூக்கிப் போகிறார்கள். பலமில்லாத ஓபிலிக்ஸ் யார், அவனுக்கு மிஞ்சுவது என்ன என்று கேட்க இதைவிட நல்ல வாய்ப்பு வேறு கிடையாது. உடெர்சோ அந்த வாய்ப்பைச் சில பக்கங்கள்வரை கையில் வைத்திருந்துவிட்டு, கதையை அட்லாண்டிஸ் தீவுக்குக் கொண்டு போய்விடுகிறார். கோசினி இருந்திருந்தால் அந்தப் பையனை ஊரிலேயே வைத்து, ஆஸ்டெரிக்ஸோடு தினமும் காலையில் காட்டில் ஓட விட்டிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.